இரவு 9 மணிக்கு 1.8: தோட்டத்து வீட்டின் இணைய வேகத்தைச் சரிசெய்த கதை

போன செவ்வாய்க்கிழமை இரவு மகளுக்கு எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) டியூஷன். இணையம் வழியாக ஒன்றரை மணி நேர வகுப்பு. முடிந்ததும் அறையிலிருந்து வெளியே வந்து, "அப்பா, இன்னிக்கு ஒரு தடவைகூட கட்டாகல" என்றாள். அன்றைக்கே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அளவுகள் எழுதிய நோட்டு பக்கத்தில் இருக்கிறது, செலவான ரசீதுகளும் இருக்கின்றன. நம்மைப்போல் தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

எங்கள் வீடு சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து 6 கிலோமீட்டர் உள்ளே, செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. ஃபைபர் பட்டணத்துத் தாமான்களோடு (வீடமைப்புப் பகுதிகளோடு) நின்றுவிட்டது. ஒரு காலத்தில் செப்புக் கம்பித் தொலைபேசி இருந்தது. கம்பி இரண்டு முறை திருடு போனது, மூன்றாவது முறை யாரும் வந்து போடவில்லை. மிச்சம் இருப்பது சிம் கார்டு போட்ட 4ஜி மோடம் மட்டும்தான். நான் செம்பனை மில்லில் வயர்மேன். மின்சார வேலை இருபது வருடமாகச் செய்கிறேன். ரேடியோ அலை எனக்குப் புதிது.

முதலில் வாங்கியதே தவறான பொருள். மகள் பின்னறையில் படிக்கிறாள், மோடம் முன்கூடத்தில் இருக்கிறது, அதனால் வைஃபை போய்ச் சேரவில்லை என்று நினைத்து 89 ரிங்கிட்டுக்கு வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டினேன். கைப்பேசியில் வைஃபை கோடு நிறைந்தது. வகுப்பு அப்படியேதான் நின்று நின்று ஓடியது. அப்புறம்தான் அளக்கத் தொடங்கினேன். மில்லில் ஒரு மோட்டார் ஓடவில்லையென்றால் முதலில் மீட்டரை வைத்து எதுவரை மின்சாரம் வருகிறது என்று பார்ப்போம். வீட்டில் அதைச் செய்யாமல் நேராகக் கடைக்குப் போயிருந்தேன்.

அளந்த முறை இதுதான். மடிக்கணினியை மோடத்தோடு லேன் கேபிளால் நேரடியாக இணைத்தேன். வீட்டில் மற்ற எல்லாக் கைப்பேசியிலும் வைஃபையை அணைத்தேன். காலை 6, மதியம் 2, இரவு 9 என மூன்று நேரம், ஒவ்வொரு நேரமும் மூன்று முறை வேகச் சோதனை. மூன்றில் நடுவில் வரும் எண்ணைத்தான் நோட்டில் எழுதினேன், ஏனென்றால் ஒரு சோதனை திடீரென்று மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ காட்டும். ஒரு வாரம் விடாமல் எழுதினேன். மதியம் நான் மில்லில் இருப்பேன், வீட்டுக்காரிதான் அளந்து எழுதி வைத்தாள்.

வாரக் கடைசியில் வந்த எண்கள்: காலையில் 11 எம்பிபிஎஸ், மதியம் 7, இரவு 1.8. மேலேற்றும் வேகம் இரவில் 0.6. பின்னறையில் வைஃபை வழியாக அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது. அப்படியென்றால் வீட்டுக்குள் குறை இல்லை, கைப்பேசிக் கோபுரத்துக்கும் மோடத்துக்கும் நடுவில்தான் குறை. முதல் நாளே கேபிள் போட்டு அளந்திருந்தால் 89 ரிங்கிட் மிச்சமாகியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம், பலர் இதில் குழம்புகிறார்கள். 11 எம்பிபிஎஸ் என்றால் ஒரு வினாடிக்கு 11 மெகாபிட். கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கும். 8 பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட். ஆக 12 எம்பிபிஎஸ் கிடைத்தாலும் வினாடிக்கு ஒன்றரை மெகாபைட்தான் இறங்கும். 700 மெகாபைட் கோப்பு இறங்க எட்டு நிமிடம் ஆகும். பக்கத்து வீட்டு அண்ணன் இந்தக் கணக்குத் தெரியாமல், தன்னை ஏமாற்றிவிட்டதாக சிம் விற்றவரிடம் சண்டை போட்டு வந்திருந்தார்.

அடுத்து மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்தேன். உலாவியில் 192.168.8.1 என்று போட்டால் என் மோடத்தின் பக்கம் வரும். சில மோடங்களுக்கு 192.168.1.1 அல்லது 192.168.0.1, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும். அதில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைக் காட்டும். கழித்தல் குறியோடு வரும்: −80 நல்லது, −110 மோசம். 10 எண் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். எஸ்ஐஎன்ஆர் என்பது மற்ற இரைச்சலுக்கு மேலே நம் சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது. 20 இருந்தால் அருமை, 10 பக்கம் இருந்தால் போதும், பூஜ்யத்தை நெருங்கினால் வேகம் வராது.

என் மோடம் நான்கு கோடு காட்டிக்கொண்டிருந்தது. ஆர்எஸ்ஆர்பி −86, பரவாயில்லை. எஸ்ஐஎன்ஆர் 3. கோடு நிறைய இருந்தும் வேகம் இல்லாததற்குக் காரணம் அந்த 3. இன்னொன்றும் தெரிந்தது. மோடம் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பிடித்திருந்தது. அந்த அலை மரம், சுவர் எல்லாம் தாண்டி தூரம் வரும், அதனால் கோடு நிறையக் காட்டும். ஆனால் அதில் நிறுவனங்களுக்கு இருக்கும் இடம் குறுகல், ஆள் கூடினால் நெரிசல். 1800க்குக் கையால் மாற்றிப் பார்த்தேன். வீட்டுக்குள் ஆர்எஸ்ஆர்பி −109க்கு விழுந்தது, வேகம் இன்னும் குறைந்தது. தகரக் கூரைக்கு அடியில் 1800 நுழைய முடியவில்லை.

சரி, வெளியே ஆன்டெனா வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த தவறு இங்கேதான் நடந்தது. இணையக் கடையில் ஒரு மீன்முள் ஆன்டெனா 75 ரிங்கிட், கூடவே 10 மீட்டர் ஆர்ஜி58 கேபிள். கூரைக்கு மேல் கட்டி, கேபிளை ஜன்னல் வழியாக இறக்கி மோடத்தில் செருகினேன். வேகம் 7 இருந்தது 6 ஆனது. நம்ப முடியாமல் இரண்டு நாள் திரும்பத் திரும்ப அளந்தேன்.

இரண்டு காரணங்கள். ஒன்று, 4ஜி மோடம் இரண்டு ஆன்டெனாவால் ஒரே நேரத்தில் இரண்டு ஓடையாக வாங்கும். நான் ஒன்றைத்தான் வெளியே கொண்டுபோனேன், மற்றது மோடத்துக்குள்ளேயே தகரத்துக்கு அடியில் கிடந்தது. இன்னொரு ஆன்டெனாவும் கேபிளும் 70 ரிங்கிட்டுக்கு வாங்கி, ஒன்று இடப்பக்கம் 45 டிகிரி, மற்றது வலப்பக்கம் 45 டிகிரி சாய்த்துக் கட்டினேன். வேகம் 13 வந்தது, அதுவும் காலையில் மட்டும். இரண்டாவது காரணம் கேபிள். ஆர்ஜி58 மெல்லிய கேபிள். 1800 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டர் ஓடினால் ஏழு எட்டு டெசிபல் அதிலேயே போய்விடும். 3 டெசிபல் போனாலே பாதி போய்விட்டது என்று அர்த்தம். ஆன்டெனா மேலே பிடித்ததையெல்லாம் கேபிள் கீழே வருவதற்குள் தின்றுவிட்டது. தடிமனான குறைந்த இழப்புக் கேபிள் போடலாம், ஆனால் அது விலை, வளைப்பதும் கஷ்டம்.

அந்த நேரத்தில் ஒரு கடைக்காரர் 250 ரிங்கிட்டுக்கு சிக்னல் பூஸ்டர் காட்டினார். வாங்கவில்லை. அனுமதி இல்லாத பூஸ்டரை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தடை செய்திருக்கிறது. அது கோபுரத்தையே குழப்பி, சுற்றியிருக்கும் எல்லார் சேவையையும் கெடுக்கும். நம் வீட்டுக்கு வேகம் வேண்டும் என்று லயத்து மக்கள் அத்தனை பேருக்கும் தொல்லை கொடுக்கக் கூடாது.

கையிலிருந்த காசு குறைந்த பிறகு, வாங்காமல் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் குலை வெட்டுபவர். உயரமான மரத்துக்கு அவர் வைத்திருக்கும் அலுமினியக் கம்பு ஒன்றோடொன்று செருகி நீளும். "அண்ணே, அருவாவைக் கழட்டிட்டு கம்பை மட்டும் ஞாயித்துக்கெழம குடுங்க" என்றேன். "எதுக்குடா?" என்று கேட்டுவிட்டு அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்து நின்றோம். அலுமினியக் கம்பு, அதில் தப்பு நடக்கக் கூடாது. கம்பின் நுனியில் என் கைப்பேசியை ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, சிக்னலைப் பதிவு செய்யும் செயலியையும் ஓடவிட்டேன். கீழே முக்காலியில் மடிக்கணினி. அண்ணன் கம்பை மெதுவாகத் தூக்க, ஹாட்ஸ்பாட் வழியாக நான் வேகம் அளந்தேன்.

தரையில் 5. பத்தடி உயரத்தில் 9. இருபதடியில், வீட்டின் மேற்கு மூலையில், 27. வாயடைத்துப்போய் நின்றேன். கிழக்கு மூலையில் அதே இருபதடியில் 8தான் வந்தது. ஒரே வீடு, இடைவெளி 12 மீட்டர்.

பதிவைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. செயலி காட்டும் செல் ஐடி எண்ணை (கைப்பேசி எண் அல்ல) 256ஆல் வகுத்து, வரும் முழு எண்ணை மட்டும் எடுத்தால் அதுதான் கோபுரத்தின் எண். கிழக்கு மூலையில் பிடித்தது ஒரு கோபுரம், மேற்கில் பிடித்தது வேறு கோபுரம். மாலையில் மோட்டார் சைக்கிளில் போய் இரண்டையும் தேடிக் கண்டுபிடித்தேன். பக்கத்துக் கோபுரம் பட்டணத்துப் பக்கம், வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர். நடுவில் இருபது வயது தாண்டிய செம்பனை, ஓலை மேல் ஓலையாக. தூரத்துக் கோபுரம் பெரிய ரோட்டுப் பக்கம், 5 கிலோமீட்டர். ஆனால் அந்தத் திசையில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்திருக்கிறார்கள், கன்றுகள் இடுப்பு உயரம்தான். இத்தனை மாதம் மோடம் பக்கத்தில் இருக்கிறதே என்று மரத்துக்குள் புதைந்த கோபுரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. மழை பெய்த மறுநாள் பக்கத்துக் கோபுரத்தின் சிக்னல் இன்னும் 4 டெசிபல் குறைந்ததையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். ஈர ஓலை அலையைக் குடிக்கிறது.

இதற்குப் பிறகு வாங்கியது ஒரே பொருள்: வெளியில் வைக்கும் 4ஜி சிபிஇ, 345 ரிங்கிட். ஆன்டெனாவும் மோடமும் ஒரே பெட்டிக்குள், மழை தாங்கும். சிம் கார்டு மேலேயே இருக்கும். ஒரே லேன் கேபிளில் தரவு கீழே வரும், மின்சாரம் மேலே போகும். ரேடியோ அலையைக் கேபிளில் இறக்கினால் மீட்டருக்கு மீட்டர் குறையும். தரவாக மாற்றி லேன் கேபிளில் இறக்கினால் 100 மீட்டர் வரை ஒன்றும் குறையாது. மோடத்தை ஆன்டெனாவிடம் கொண்டுபோயாக வேண்டும் என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது.

கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். விலை மலிவான கேட்5இ கேபிளில் அலுமினியத்துக்கு மேல் செப்பு பூசியிருப்பார்கள். ஒரு நூலைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது வளைத்தால் முறியும், மின்சாரமும் சரியாகக் கடத்தாது. நான் முழுச் செப்பு, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டது 25 மீட்டர் வாங்கினேன், 48 ரிங்கிட்.

கம்பத்துக்கு 20 அடி ஜிஐ குழாய், 55. சுவரில் பிடிக்கக் கிளாம்பு, நட்டு எல்லாம் சேர்த்து 18. இடி விழும் ஊர் இது, எர்த் இல்லாமல் கம்பம் நடவே கூடாது. 5 அடி செப்புக் கம்பியைத் தரையில் அடித்து, பச்சை எர்த் கேபிளால் குழாயோடு இணைத்தேன், 62. லேன் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் காப்புப் பெட்டி, 35, அதையும் எர்த்தோடு சேர்த்தேன். இவ்வளவு இருந்தாலும் வானம் இருண்டால் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்ப்பக்கமாக ஒரு வளையம் விட்டுக் கட்ட வேண்டும், அப்போதுதான் மழைநீர் வளையத்திலேயே சொட்டிவிடும்.

ஜேக் மாட்டும்போது ஒரு தப்பு செய்தேன். சாயங்கால வெளிச்சத்தில் வெள்ளை-பச்சையையும் வெள்ளை-பழுப்பையும் மாற்றிச் செருகிவிட்டேன். மேலே பெட்டியின் விளக்கு எரியவில்லை. டெஸ்டரில் வைத்தபோது 3ம் நூலும் 7ம் நூலும் இடம் மாறியிருந்தன. இந்த வகைப் பெட்டிக்கு மின்சாரம் 4, 5, 7, 8 வழியாகப் போகிறது, தரவு 1, 2, 3, 6 வழியாகப் போகிறது. மின்சாரம் போக வேண்டிய நூலும் தரவு போக வேண்டிய நூலும் இடம் மாறினால் பெட்டி எரிந்துபோகவும் வாய்ப்பு உண்டு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜேக்கை வெட்டி எறிந்துவிட்டுக் காலை வெளிச்சத்தில் மறுபடி செய்தேன்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மேலே ஏற்றும் முன் டெஸ்டரில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கீழே இருக்கும் மின்சார அடாப்டரில் இரண்டு துளை உண்டு. மின்சாரம் வரும் துளையில் மடிக்கணினியைச் செருகிவிடாமல் அதில் சிவப்பு டேப் ஒட்டி வைத்தேன்.

திசை பிடிக்கும் வேலை ஒரு முழு ஞாயிறு காலையைத் தின்றது. நான் ஏணியில், மகள் கீழே மடிக்கணினியில்.

"இப்ப எவ்ளோ மா?"

"ஆர்எஸ்ஆர்பி மைனஸ் தொண்ணூத்தி நாலு. மத்தது ஒம்போது."

ஒவ்வொரு முறையும் பத்து டிகிரி திருப்பி, ஒரு நிமிடம் பொறுத்துத்தான் எண்ணைக் கேட்பேன். உடனே கேட்டால் பழைய எண்ணையே காட்டும். பெட்டியைத் தூரத்துக் கோபுரத்தை நேராகப் பார்க்க வைத்தபோது ஆர்எஸ்ஆர்பி மிக நன்றாக இருந்தது. அங்கேயே இறுக்கியிருப்பேன். மகள்தான், "இன்னும் கொஞ்சம் திருப்புங்கப்பா, மத்த நம்பர் ஏறுது" என்றாள். பட்டணத்துப் பக்கம் இருந்து மேலும் 15 டிகிரி விலக்கியதும் ஆர்எஸ்ஆர்பி 2 குறைந்தது, எஸ்ஐஎன்ஆர் 9இலிருந்து 14 ஆனது. பழைய கோபுரத்தின் இரைச்சல் முதுகுப்பக்கம் போய்விட்டது. வேகம் அங்கேதான் அதிகம். எஸ்ஐஎன்ஆரைப் பார்த்துத்தான் நட்டை இறுக்க வேண்டும்.

மறுபடி ஒரு வாரம் அதே மூன்று நேரம், அதே முறை. காலை 52, மதியம் 41, இரவு 17. மேலேற்றும் வேகம் இரவில் 7. இரவு எண் ஏன் அவ்வளவு குறைவு என்றால், கோபுரத்தில் அந்நேரம் எல்லாரும் இருக்கிறார்கள். அதை நான் எந்த ஆன்டெனாவாலும் மாற்ற முடியாது.

அப்படியும் மகளின் வகுப்பு இரண்டு நாள் நின்று போனது. வேகம் 17 இருந்தும் ஏன்? பிங் சோதனையை, அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனையை, ஓடவிட்டுப் பார்த்தேன். யாரும் இல்லாதபோது 41 மில்லிவினாடி. மகன் தன் அறையில் விளையாட்டுக்கு அப்டேட் இறக்கத் தொடங்கியதும் 780. அவனுடைய கோப்பு பெரிய வரிசையாக நிற்க, இவளுடைய குரல் அந்த வரிசையின் கடைசியில் காத்திருந்தது. வீட்டிலிருந்த பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றி, எஸ்க்யூஎம் என்ற வசதியில் இறக்கம் 13, ஏற்றம் 5 என்று வரம்பு போட்டேன். கிடைக்கும் வேகத்துக்குச் சற்றுக் கீழே வரம்பு வைத்தால் வரிசை கோபுரத்தில் சேராது, நம் ரவுட்டரிலேயே ஒழுங்காகப் பிரிந்து போகும். பிங் 65க்கு வந்தது. காலையில் 52 வருவதை 13க்கு நிறுத்துவது வீண் என்பதால் இரவு 7 முதல் 11.30 வரை மட்டும் வரம்பு தானாக ஓடும்படி நேரம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் மகளுக்கு அதிகம் உதவியது இந்த மாற்றம்தான். இதற்கு ஒரு சென்னும் செலவில்லை. வேகச் சோதனையில் பெரிய எண் வருவதற்காக யாரும் இதை விட்டுவிடக் கூடாது.

வைஃபையில் பெரிய வேலை இல்லை. ரவுட்டரை இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து அதன் மேலே வைத்தேன், பின்னறையில் வைஃபை சிக்னல் −71 இருந்தது −58 ஆனது. எக்ஸ்டெண்டரைக் கழற்றிவிட்டேன்.

செலவு: ஜேக், உறை 6 ரிங்கிட்டையும் சேர்த்து வேலை செய்தவற்றுக்கு 569 ரிங்கிட். எக்ஸ்டெண்டர், இரண்டு ஆன்டெனா, கேபிள் என்று வீணானது 234. கிரிம்பிங் கருவி, டெஸ்டர், ஏணி என்னிடம் ஏற்கெனவே இருந்தன. மறுபடி செய்வதானால் நோட்டும் குலை வெட்டும் கம்பும் முதல் வாரம், கடை இரண்டாம் வாரம். கம்பத்தையும் 20 அடிக்குப் பதிலாக 30 அடிக்குத் திட்டமிட்டு, அடியில் சிமெண்ட் அடித்தளத்தோடு நட்டிருப்பேன்.

ஏனென்றால் மேற்கே அந்தக் கன்றுகள் வளர்கின்றன. ஆறேழு வருடத்தில் ஓலை நுனி என் பெட்டியின் உயரத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை 6 மணிக்கு எஸ்ஐஎன்ஆரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். இந்த மாதமும் 14.

பக்கத்து வீட்டு அண்ணன் தன் வீட்டுக்கும் ஒன்று வைத்துத் தரச் சொல்கிறார். அவர் வீட்டுக்கு மேற்கே என் வீட்டுத் தகரக் கூரையும் ஒரு பலாமரமும் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை மாலை கம்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டு நான்கு மூலையிலும் நிற்கப் போகிறோம்.